இரண்டு நாய்கள், ஒரு டிரெய்லர், ஒரு வார இறுதி: வேலூரிலிருந்து ஜவ்வாது மலையடிவாரத்துக்கு

காட்பாடியில் எங்கள் தெருக்காரர்களுக்கு டிரெய்லர் என்றால் கரும்பு ஏற்றிக்கொண்டு அம்முண்டி சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர் டிரெய்லர்தான். காருக்குப் பின்னால் வெள்ளைப் பெட்டி ஒன்றை மாட்டி நான் முதன்முறையாக வெளியே எடுத்தபோது எதிர்வீட்டுப் பெரியவர், "ஐஸ்கிரீம் வியாபாரமா தம்பி?" என்று கேட்டார். உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருப்பதைக் காட்டினேன். "இதற்கு வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாமே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாய் வளர்ப்பவர்களுக்கு விடுதியில் அறை கிடைப்பது எவ்வளவு பாடு என்பது அவருக்குத் தெரியாது.

எங்களிடம் இரண்டு நாய்கள். சிம்பா, 30 கிலோ லாப்ரடார், தின்பதே தொழில். கருப்பி, 18 கிலோ, தெருவிலிருந்து வந்த நாட்டு நாய், எதையும் நம்ப மாட்டாள். இவ்விருவரையும் வைத்துக்கொண்டு நான்கைந்து முறை போய்வந்ததில் தெரிந்துகொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன். பயணத்தை நடத்துவது நீங்களும் அல்ல, வண்டியும் அல்ல, நாயின் உடம்பு. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே நிறுத்துவது, எவ்வளவு தண்ணீர் ஏற்றுவது என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்யும். நம்மைப் போல நாய்க்கு உடல் முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். காற்றே சூடாக இருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

முதலில் மாதம்

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் தொடங்கி ஜூன் வரை இந்தப் பயணமே வேண்டாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மாலையில் இடியோடு மழை வரும். இடிக்குப் பயப்படும் நாய் என்றால் அதுவும் தொல்லை. நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் சரியான காலம்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பொங்கல் முடிந்ததும் நம் பக்கத்துக் கிராமங்களில் எருது விடும் விழா தொடங்கிவிடும். வீதி முழுக்கத் தடுப்பு, கூட்டம், ஓடிவரும் காளை. அந்த வழியில் டிரெய்லரோடு மாட்டிக்கொண்டால் திரும்பக்கூட முடியாது. மகா சிவராத்திரிக்கு அடுத்து மயானக் கொள்ளை; மேளமும் வெடியும். நாள் குறிக்கும் முன், தங்கப்போகும் ஊரிலும் வழியிலுள்ள ஊர்களிலும் அந்த வாரம் என்ன விசேஷம் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் போய்த்தான் ஒருமுறை கருப்பியைத் தொலைக்கப் பார்த்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இடம்: ஏலகிரியா, ஜவ்வாதா

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஏலகிரி. பொன்னேரியிலிருந்து மேலே ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். கார் மட்டும் என்றால் சுகமான சாலை. டிரெய்லர் அப்படியல்ல. வளைவில் அதன் சக்கரம் காரின் சக்கரம் போன தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதை ஈடுகட்ட நீங்கள் எதிர்ப்பக்கம் வரை அகலமாக எடுத்துத் திரும்ப வேண்டும். சனிக்கிழமை காலை எதிரே சுற்றுலா பஸ் வரும். போதாக்குறைக்கு வளைவுகளில் குரங்குகள். அவற்றைப் பார்த்ததும் பின் இருக்கையில் நாய்கள் போடும் கூச்சல். ஏலகிரிக்கு டிரெய்லர் வேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

என் தேர்வு ஜவ்வாது மலையின் வடமேற்கு அடிவாரம். வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி. அங்கே இடது பக்கம் பிரிந்தால் ஆலங்காயம். அதைச் சுற்றி மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் இருக்கின்றன. டிரெய்லரைத் தோப்பில் நிறுத்திவிட்டு, மலையில் இருக்கும் காவலூருக்குக் காரில் மட்டும் ஏறிவரலாம். மலைக்கு அந்தப் பக்கமிருந்து வேறு வழி இல்லையா என்றால், கணியம்பாடி, அமிர்தி வழியாக ஜமுனாமரத்தூர் போகும் சாலை அழகானதுதான். ஆனால் காட்டுக்குள் போகும் குறுகிய சாலை. டிரெய்லருக்கு ஆகாது.

காப்புக்காட்டு எல்லைக்குள் கால் வைக்காதீர்கள். அனுமதியின்றி நுழைவதே குற்றம். நாயோடு நுழைவது அதைவிடத் தவறு. நாயின் நோய் காட்டு விலங்குக்கும், காட்டு உண்ணி நாய்க்கும் போகும். பட்டா நிலம், உரிமையாளரின் வாய்மொழி அனுமதி, இரவுக்கு ஒரு நியாயமான தொகை. இவ்வளவு போதும்.

தோப்புக்காரர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "நாய் கோழியைப் பிடிக்குமா?" என்பதாகத்தான் இருக்கும். உண்மையைச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் கேட்க வேண்டியவை. இந்த வாரம் மரத்துக்கு மருந்து அடித்தார்களா? எலி மருந்து எங்காவது வைத்திருக்கிறார்களா? கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறதா? ஊர் நாய்கள் எத்தனை சுற்றும்?

இன்னொன்று, கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டியது: பக்கத்து நிலங்களில் காட்டுப்பன்றிக்கு நேரடி மின்சாரம் பாய்ச்சிய வேலியோ அவுட்டுக்காயோ வைக்கிறார்களா? இரண்டும் சட்டவிரோதம், இருந்தும் மலையோரக் கிராமங்களில் நடக்கிறது. அவுட்டுக்காய் என்பது தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி. பன்றி கடித்தால் பன்றியின் தாடை சிதறும். நாய் கடித்தால் நாயின் தாடை. பதில் இழுபறியாக வந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு தோப்பு தேடுங்கள்.

வண்டி

உங்கள் கார் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். டிரெய்லரின் எடையை அதில் சாமான், தண்ணீர், சிலிண்டர் எல்லாம் ஏற்றியபின் எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். விற்றவர் சொல்லும் எடை காலி வண்டியின் எடை. என்னுடையது ஏற்றியபின் 700 கிலோவைத் தொட்டது.

டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். அதன் பதிவெண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பின்புறத்தில் இருக்க வேண்டியது இழுக்கும் காரின் எண். இதைப் பலர் மாற்றி எழுதிவிட்டுச் சோதனைச்சாவடியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். காப்பீட்டையும் டிரெய்லர் சேர்த்துத்தானா என்று படித்துப் பாருங்கள்.

அடுத்தது பாரம் ஏற்றும் முறை. மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முன்பக்கக் கொக்கியில் அழுந்த வேண்டும். 700 கிலோவுக்கு 70 கிலோ. வீட்டிலிருக்கும் எடை பார்க்கும் மெஷினைப் பலகை வைத்து முன்கம்பிக்குக் கீழே நிறுத்தினால் தெரிந்துவிடும். கனமான சாமான் அச்சுக்கு மேலேயும் சற்று முன்னேயும் இருக்கட்டும். பின்பக்கம் கனத்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அப்படி ஆடினால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்த்துத் திருப்பாதீர்கள். நேராகப் பிடித்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். தானாக அடங்கும்.

கொக்கியை மாட்டியதும் பூட்டு விழுந்த சத்தத்தை நம்பாமல் முன் ஜாக்கியை ஏற்றிப் பாருங்கள். காரின் பின்புறமும் சேர்ந்து தூக்கினால்தான் மாட்டியிருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் முன்கம்பி தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியில் தொங்கும். இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, டயர் காற்று, சிலிண்டர் வால்வு மூடியிருப்பது. கிளம்பும் முன் இவை.

ரிவர்ஸ் எடுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கரும்பு டிராக்டர் ஓட்டும் ஒருவர். ஆலை மூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலி மைதானத்தில். நான் ஸ்டீயரிங்கின் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இடது என்றால் வலது, வலது என்றால் இடது என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அவர் என் கையை எடுத்து ஸ்டீயரிங்கின் அடியில் வைத்தார். "இப்போது கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் டிரெய்லரின் பின்பக்கம் போகும். யோசிக்காதே" என்றார். அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. மூன்று நாள் வீடியோ பார்த்தும் வராதது.

வீட்டு வாசலில் ஒத்திகை

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே டிரெய்லரை வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்து வையுங்கள். நாய்களின் பழைய பாயை உள்ளே போட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டை அங்கேயே வையுங்கள். கருப்பி முதல் நான்கு நாள் படியில் நின்று கழுத்தை மட்டும் நீட்டித் தின்றாள். ஐந்தாம் நாள் ஏறினாள். அதன் பிறகு ஒரு முழு இரவு எல்லோரும் அதில் படுங்கள். நடு இரவில் யார் யாரை மிதிக்கிறார்கள், எந்த மூலையில் காற்று வரவில்லை என்பதெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும். வாசலில் தெரிந்தால் நல்லதுதானே.

அதே இரண்டு வாரத்தில் கால்நடை மருத்துவரிடமும் போய்வாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி நாள் கடந்துவிடவில்லையா, எலிக்காய்ச்சல் தடுப்பூசி சேர்ந்திருக்கிறதா, உண்ணி மருந்து எப்போது கொடுத்தது என்று பாருங்கள். தேங்கிய வயல் நீரைக் குடிக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் எளிதில் வரும். வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமையும் நாய் பார்க்கும் மருத்துவர் யார் என்பதையும் அப்போதே விசாரித்து எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மலையோரத்தில் சிக்னல் போய்ப் போய் வரும். பக் போன்ற சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பவே வேண்டாம்.

என்ன எடுத்துக்கொள்வது

முதலில் தண்ணீர். நாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறக்குறைய 60 மில்லி. எங்கள் நாய்கள் இரண்டுக்கும் சேர்த்து 48 கிலோ. ஆக 3 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வெயிலுக்கும் ஓட்டத்துக்கும் இரட்டிப்பாகக் கணக்கிடுங்கள். வீட்டுத் தண்ணீரையே ஒரு 20 லிட்டர் கேனில் கொண்டுபோவது நல்லது. புதுத் தண்ணீரில் வயிறு கெடும் நாய்கள் உண்டு.

மின்சாரத்தில் ஏ.சி. ஆசையை விட்டுவிடுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாகப் பயன்படுத்தலாம். அது ஏறக்குறைய 600 வாட் மணி. 30 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 240 போய்விடும். மீதியில் விளக்கும் போனும். ஏ.சி.க்கு இதில் இடமே இல்லை. அதனால்தான் முதலிலேயே மாதத்தைப் பார்க்கச் சொன்னேன்.

மார்புப்பட்டை ஆளுக்கு ஒன்று, நடைக்கயிறு இரண்டு உபரியாக, போன் எண் பொறித்த வில்லை, இப்போதைய புகைப்படம் போனில், வழக்கமான தீனி மூன்று நாளுக்கு, உண்ணி பிடுங்கும் இடுக்கி, உடல்வெப்பமானி, கட்டுத்துணி, பழைய துண்டுகள் ஐந்து. துண்டு எத்தனை கொண்டுபோனாலும் ஒன்று குறையும்.

சனிக்கிழமை அதிகாலை

முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு. காலையில் வெறும் வயிறு. நான்கரைக்கு வண்டி கிளம்ப வேண்டும். வழி 100 கிலோமீட்டர் அளவில்தான், ஆனால் டிரெய்லரோடு நான் 60-ஐத் தாண்டுவதில்லை. வெயில் ஏறும் முன் நிழலில் நின்றுவிட வேண்டும் என்பதே கணக்கு.

நாய்கள் காரில்தான் வர வேண்டும். ஓடும் டிரெய்லருக்குள் விடாதீர்கள். அது காரைவிடப் பலமாகக் குலுங்கும், சாமான் சரியும், உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. காரில் மார்புப்பட்டையை இருக்கைப் பட்டையோடு சேர்த்து மாட்டுங்கள்.

வழியில் ஒரு நிறுத்தம் போதும். கதவைத் திறப்பதற்கு முன் கயிறு கையில் இருக்க வேண்டும். இடப்பக்கக் கதவால் மட்டும் இறக்க வேண்டும். இந்த ஒழுங்கைத் தூக்கக் கலக்கத்திலும் மறக்காதீர்கள். நெடுஞ்சாலையில் கை நழுவினால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

ஆம்பூரைக் கடக்கும்போது சீரகச் சம்பா பிரியாணி ஞாபகம் வரும். எங்கள் முதல் பயணத்தில் பொட்டலம் வாங்கி முன் இருக்கையில் வைத்துவிட்டுக் காசு கொடுக்க இறங்கினேன். திரும்பி வந்தபோது இலைகூட இல்லை. வெந்த எலும்பு உடைந்தால் ஊசிபோல் முனை வரும். பிரியாணியில் வெங்காயமும் பூண்டும் வேறு, இரண்டுமே நாய்க்கு நஞ்சு. பயணம் அங்கேயே முடிந்து, மூன்று நாள் மருத்துவரிடம் அலைந்தோம். சிம்பா பிழைத்தான், இப்போதும் ஆம்பூர் வந்தால் எழுந்து உட்கார்கிறான். பிரியாணியைத் திரும்பும்போது வாங்குங்கள், டிரெய்லருக்குள் பூட்டி வையுங்கள். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கம் இவற்றுக்கும் அதே பூட்டு.

தோப்பில் இறங்கியதும்

அவசரப்பட்டு நாய்களை அவிழ்த்துவிடாதீர்கள். ஒருவர் கயிற்றோடு அவற்றை நடத்தட்டும். மற்றவர் வண்டியை நிறுத்தட்டும். மதியம் இரண்டு மணிக்கு நிழல் எங்கே விழும் என்று பார்த்து இடம் பிடியுங்கள். காலை நிழல் ஏமாற்றும். டிரெய்லரின் கதவு கிழக்கே பார்த்தால் மாலை வெயில் உள்ளே அடிக்காது.

கொக்கியைக் கழற்றுவதற்கு முன் சக்கரங்களுக்கு இருபக்கமும் முட்டுக்கட்டை. பிறகு கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை உள்ளே தரையில் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குப் பலகை கொடுங்கள். மூலைக் கால்கள் ஆடாமல் நிறுத்தத்தான். வண்டியைத் தூக்க அல்ல. மட்டம் சரியில்லையென்றால் இரவு முழுக்க 30 கிலோ லாப்ரடார் உங்கள் மேல் சரிந்துகொண்டே இருக்கும்.

இப்போது நாய்களைக் கட்டும் விதம். இரண்டு மாமரங்களுக்கிடையே ஆள் உயரத்தில் கயிறு கட்டி, அதில் ஒரு வளையம் விட்டு, வளையத்தில் நடைக்கயிறு. மரத்தைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளாமல் நீளத்துக்கு நடக்கலாம். கழுத்துப்பட்டையில் மட்டும் கட்டாதீர்கள். அந்த மாசி மாதத்தில் பக்கத்து ஊரில் திடீரென்று வெடி வெடித்தபோது கருப்பி முன்கால்களை ஊன்றி, தலையைக் குனிந்து, பின்னால் ஒரே இழுப்பு. பட்டை காதைத் தாண்டிக் கழன்று என் கையில் தொங்கியது. அவள் வரப்பைத் தாண்டிக்கொண்டிருந்தாள். நாட்டு நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து அகலம். துரத்தவில்லை, துரத்தினால் இன்னும் ஓடும். படியில் உட்கார்ந்து தீனித் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தேன். இருட்டும் நேரத்தில் வந்தாள். அதிலிருந்து மார்புப்பட்டைதான்.

பதினொன்று முதல் நான்கு வரை ஒன்றும் செய்யாதீர்கள். தரையைப் புறங்கையால் ஏழு விநாடி தொட முடியவில்லையென்றால் பாதம் வேகும். சாத்திய காரில் "இரண்டு நிமிடம்தானே" என்று விடுவதும், மூடிய டிரெய்லரில் விட்டுவிட்டு ஊர் சுற்றப் போவதும் ஒன்றுதான்.

நாக்கு அடர்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக வழிந்து, நடை தள்ளாடினால் வெப்பமானியை வையுங்கள். நாயின் இயல்பான வெப்பம் 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ். 40-ஐத் தாண்டினால் தாமதிக்காதீர்கள். நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி விட்டுவிடாதீர்கள். அது சூட்டை உள்ளேயே அடைக்கும். குளிர்வித்தபின் மருத்துவரிடம்.

இரவு

இருட்டிய பிறகு நாய் வெளியே கட்டிக் கிடக்கக் கூடாது. ஜவ்வாது மலையில் கரடியும் சிறுத்தையும் உண்டு. சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. மிச்சச் சோறும் வெளியே வேண்டாம். சிறுநீருக்கு இறக்கும்போது டார்ச் அடித்துத் தரையைப் பார்த்துக் குறுங்கயிற்றில். விரியன் நகராமல் கிடக்கும். நாய் மூக்கை நீட்டிக் கொத்து வாங்கும். கொத்தினால் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேராக மருத்துவரிடம்.

குளிர்கிறதென்று கரி அடுப்பை டிரெய்லருக்குள் கொண்டுவராதீர்கள். உயிரைக் கொல்லும் புகை அது. மேல் ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருக்கட்டும்.

வெளிவிளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால், காவலூரில் ஏன் வானாய்வகம் வைத்தார்கள் என்று புரியும். 1977-ல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதை உலகம் கண்டுகொண்டபோது அதைக் கவனித்த இடங்களில் இந்தக் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. பார்க்க ஆசையிருந்தால் அனுமதி நேரத்தை முன்கூட்டியே விசாரித்து, ஒருவர் தோப்பில் நாய்களோடு இருக்க, மற்றவர் போய்வாருங்கள். ஜமுனாமரத்தூர் பக்கத்துச் சாமையும் தேனும் கிடைத்தால் வாங்கி வரச் சொல்லுங்கள்.

திரும்பும் நாள்

ஞாயிற்றுக்கிழமை நாய்க்கழிவு அனைத்தையும் கிணற்றைவிட்டு விலகிய இடத்தில் முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்துவிட்டு, தோப்புக்காரரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள். அடுத்த முறை போன் செய்தால் எடுப்பார். கிளம்புவது மாலை நான்கரைக்குப் பிறகு. கொக்கி, சங்கிலி, விளக்கு என்று காலையில் பார்த்ததையெல்லாம் மறுபடி பாருங்கள், களைப்பில்தான் மறக்கும்.

வீட்டுக்கு வந்ததும் படுக்கப் போகாமல் வாசலிலேயே உண்ணி பாருங்கள். காதுக்குள், விரலிடுக்கில், அக்குளில், வாலடியில். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். பிடுங்கியதை மூடியுள்ள புட்டியில் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, மெத்தைகளை நிமிர்த்தி வைத்துக் கதவை இரண்டு நாள் திறந்து வையுங்கள். உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது. நாட்காட்டியில் அன்றிலிருந்து மூன்று வாரத்தைக் குறித்து வையுங்கள். அதற்குள் நாய் சோற்றை முகர்ந்துவிட்டுப் போனாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போய், தோப்பில் தங்கியதை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.